மாப்பிள்ளைக்குச் சொன்ன வானிலை

நீங்க சன்னலோரமே உக்காருங்க சார், எனக்கு வேணாம். காத்து மூஞ்சில அடிச்சா எனக்குப் பேச்சு நின்னு போயிடும். நான் பேசாம வந்தா இந்த பஸ்ஸு ஓடாது. அந்தக் கண்டக்டரப் பாருங்களேன். "உள்ள போ, உள்ள போ, நடுவுல கால்பந்தா ஆடலாம், அவ்வளவு எடம் கெடக்கு." எப்படி? அச்சு அசலா அவரேதானே? பாருங்க, அவரே திரும்பிப் பாக்குறாரு, தான் பேசினமா இல்லையான்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு.

எம்பேரு பக்கிரிசாமி. வேளாங்கண்ணிக்குத் தெக்க ஒரு மீனவக் கிராமம். பொறையாறு வரைக்கும் போறேன். நீங்க? சீர்காழியா, அப்ப நான் எறங்குற வரைக்கும் உங்களுக்கு விடுதலை கெடையாது. என்ன பண்றது, டிக்கெட் எடுத்துட்டீங்க.

படிப்பு மூணாங்கிளாஸோட சரி. ஆனா எங்க ஊரு பஞ்சாயத்து மைக்கு முப்பது வருஷம் என் கையில இருந்துச்சு. அத மட்டும் யாரும் பிடுங்க முடியல. மீன் ஏலம், திருவிழா, காணாமப்போன ஆடு, எல்லாத்துக்கும் நாந்தான். ஆட்டப் பத்தி சொல்றப்ப ஆடு மாதிரியே கத்திக் காமிப்பேன், உடனே கெடச்சிடும். அதவிட முக்கியம் புயலு. ரேடியோவுல வாசிப்பாரு பாருங்க: "தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மேலும் வலுப்பெற்று..." அந்தக் கொரலு அப்படியே வந்துடும் எனக்கு. வாசிச்சு முடிச்சிட்டு என் சொந்தக் கணக்கையும் சேத்துச் சொல்லுவேன். நாகப்பட்டினத்துல புயல் கூண்டு ஏத்துறதுக்கு முன்னாடி எங்க ஊருல என் கூண்டு ஏறிடும்.

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார். புயலு நமக்குத் தெக்க கரையேறினா, காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்கும். கடலு ஊருக்குள்ள வந்துடும். அப்ப சட்டி பொட்டியோட ஓடணும். அதுவே நமக்கு வடக்க ஏறுச்சுன்னா காத்து கரையிலேருந்து கடலுக்கு அடிக்கும். கடலு உள்வாங்கிடும். மழை பேயும், ஓடு பறக்கும், ஆனா தண்ணி வராது. இழுத்துப் போத்திக்கிட்டுப் படுக்கலாம். என் வயசுல ஒருதரம்கூட இது தப்புனதில்ல. ரெண்டு தடவ அதிகாரி ஜீப்புல வந்து, "எல்லாரும் காலி பண்ணுங்க, இது அரசு உத்தரவு!" அப்படின்னு தொண்டைய கிழிச்சிக்கிட்டாரு. நான் வடக்கதான் போகுதுன்னேன். வடக்கதான் போச்சு. அதுலேருந்து ஊருல பேரு, பக்கிரி சொன்னா கடலே கேக்கும்னு.

நம்ம கடலு கேட்டுச்சு சார். நம்ம கடல மட்டுந்தான் நான் சொல்றேன்.

எனக்கு ஒரே மவ, குணவதி. அவளப் பெத்தவ அது பத்து வயசா இருக்கறப்பவே போயிட்டா. மாப்ள பேரு இளஞ்சேரன். பொறையாறுக்குப் பக்கத்துல தங்கச்சி காசாம்புவோட மவன். கூடப் பொறந்த தங்கச்சி இல்ல, ஒறவுமொறையில தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னாடியே அவன் என்ன மாமான்னு கூப்புடுவான், நான் அவன டா போட்டுத்தான் பேசுவேன். மாப்ளையானப்புறம் வாங்க போங்கன்னு சொல்லிப் பாத்தேன். "மாமா, யாரோ வேத்து ஆள்கிட்ட பேசுற மாதிரி இருக்கு, டாவே போடுங்க"ன்னுட்டான். அப்படிப்பட்ட பய. மூக்கால பேசுவான், கொஞ்சம் இழுத்து. "எம்ம்மா, பசிக்கிதும்மா" அப்படி. கேட்டா அங்க ஒரு சளி புடிச்ச கன்னுக்குட்டி நிக்கிற மாதிரி இருக்கும்.

சமையல் படிச்சவன். மொதல்ல கப்பல்ல சமையலு, அப்புறம் அமெரிக்காவுல ஃப்ளோரிடாங்கிற எடத்துல, கடற்கரைய ஒட்டி ஒரு ஓட்டல்ல. ஓட்டலுக்குப் பின்னாடி கீழ்த்தளத்துல தங்குறதுக்கு ஒரு ரூம்பு. மூணு வருஷம் முடிச்சிட்டு வந்து நாகையில சொந்தமா கடை போடுறதா திட்டம். ரெண்டு வருஷம் முடிஞ்சிருந்துச்சு.

போன புரட்டாசி மாசம், குணவதி போன நீட்டுச்சு. "அப்பா, அங்க ஒரு புயல் கெளம்பியிருக்காம்." என்ன பேருன்னேன். ரொசிட்டாவாம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. நம்மூரு புயலுக்கெல்லாம் வாயில நொழையாத பேரா வெக்கிறான், அங்க பாருங்க, பூ வெச்ச பொண்ணு மாதிரி ரொசிட்டா! "ரோசிம்மா, எங்க கெளம்பிட்ட? மாப்ள வீட்டுக்கா?" அப்படின்னு போனப் பாத்துக் கொஞ்சினேன். குணவதி சிரிக்கல.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு படம் போடுவான் சார் அந்த நாட்டுல. புயலு இப்ப நிக்கிற எடத்துல ஒரு புள்ளி. அதுலேருந்து வெள்ளையா ஒரு மொறம் விரியும். மொறத்துக்கு நடுவுல ஒரு கோடு. புயலு இந்த மொறத்துக்குள்ள எங்க வேணா போகலாமாம். நான் சொன்னேன், "எங்க வேணா போகும்னு சொல்றதுக்கு எதுக்குடா படிப்பு? நான் சொல்லுவனே." காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் அந்தப் படத்த வாங்கிப் பாத்துட்டு ஏலக்கூடத்துக்குப் போவேன். மண்ணுல குச்சியால கீறுவேன். ஆம்பள பொம்பள எல்லாம் சுத்தி நிப்பாங்க. "பக்கிரியண்ணே, ரோசி எங்க வந்துட்டா?" "குளிச்சிட்டா, இப்பத்தான் பொட்டு வெச்சிக்கிறா." ஊரே சிரிக்கும். அமெரிக்காவுல அடிக்கிற புயலுக்கு எங்க ஊருல அஞ்சு நாளு கூட்டம் சார்.

மூணாம் நாளு கோடு நேரா மாப்ள ஊரு மேல வந்து நின்னுச்சு. அன்னிக்கு குணவதி சோறு திங்கல. நான் சோத்துல மொகம் வரைஞ்சு காமிச்சேன், ரேடியோக்காரர் மாதிரி "குணவதி பகுதியில் கடும் பசி நிலவுகிறது"ன்னு சொல்லிப் பாத்தேன். எழுந்திரிச்சிப் போயிடுச்சு.

நாலாம் நாளு சாயங்காலம் படம் மாறிப்போச்சு. கோடு நகந்துடுச்சு. மாப்ள ஊருக்கு வடக்க எம்பது மைல்ல ஏறுதுன்னு போட்டிருந்தான். வடக்க! நான் குதிச்ச குதில வேட்டியே அவுந்திருக்கும். உடனே மாப்ளைக்குப் போன் போட்டோம். அங்க அவனுக்கு அப்பத்தான் விடியுது.

"மாமா, வடக்க போயிடுச்சுதான். ஆனாலும் கடலோரத்துல யாரும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடத்துல எடம் போட்டிருக்கு. ஓட்டல் ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போக வேன் நிக்கிது. டிவில தண்ணி பத்தடி வரும்னு சொல்றான். போகவா, இருக்கவா?"

நான் கேட்டேன், "டேய், டிவிக்காரன் எந்தக் கடல்ல வலை போட்டான்?"

அவன் சிரிச்சான். "இல்ல மாமா, ஒரு மாதிரி பயமா இருக்கு."

"வடக்க ஏறுற புயலுக்கு நம்ம ஊருல யாராவது ஓடிப் பாத்திருக்கியாடா? நீயும் கடக்கரையில பொறந்தவன்தானே. உங்கம்மா கேட்டா சிரிக்கும்."

"அதுவும் சரிதான்"ன்னான்.

அத்தோட விட்டிருந்தா பரவால்ல. என் வாயி சும்மா இருக்குமா? போன வெச்சப்புறம் பேச்சப் பதிவு பண்ணி ஒண்ணு அனுப்பினேன். ரேடியோ கொரல்ல. "வணக்கம். வானிலை அறிக்கை. ரொசிட்டா என்னும் குமரி, மாப்பிள்ளை இளஞ்சேரன் அவர்களைக் கண்டு வெட்கப்பட்டு, வடக்கே எண்பது மைல் தள்ளிக் கரையைக் கடப்பாள். மாப்பிள்ளை வசிக்கும் பகுதியில் கடல் உள்வாங்கும். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் போகப் பயந்த மாப்பிள்ளை அவர்கள், இப்போதும் போகத் தேவையில்லை. ரூமிலேயே போர்வை போர்த்திப் படுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இந்த எடத்துல நீங்களும் சிரிச்சிட்டீங்க பாருங்க சார். யாரா இருந்தாலும் சிரிப்பாங்க. அவனும் சிரிச்சான். சிரிக்கிற பொம்மை நாலு அனுப்பினான்.

மறுநா காலைல எங்களுக்கு விடிஞ்சப்ப அவன்கிட்டேருந்து ஒரு சேதி வந்து கெடந்துச்சு. "மாமா, நீங்க சொன்ன மாதிரியே கடல் உள்வாங்கிடுச்சு. மணல் திட்டெல்லாம் தெரியுது. நீங்க பெரிய ஆளு." ஒரு கும்புடுற பொம்மையும் போட்டிருந்தான். நான் அந்த சேதியத் தூக்கிக்கிட்டு ஏலக்கூடம் பூரா நடந்தேன். படிக்கத் தெரிஞ்ச ஒவ்வொருத்தன்கிட்டயும் குடுத்து சத்தமாப் படிக்கச் சொன்னேன். நீங்க பெரிய ஆளு. நீங்க பெரிய ஆளு. ஒரு ஏழெட்டுத் தடவ கேட்டிருப்பேன்.

பத்து மணிக்குக் குணவதி போன் பண்ணுச்சு, எடுக்கல. தூங்குவான்னேன். மத்தியானம் பண்ணுச்சு, எடுக்கல. கரண்டு போயிருக்கும்னேன்.

அதுலேருந்து மூணாம் நாளு ஓட்டல்லேருந்து போன். தண்ணி பத்தடி சார். டிவிக்காரன் சொன்ன அதே பத்தடி. அவன ஓட்டலுக்குப் பின்னாடி துணி தோய்க்கிற அறையில கண்டெடுத்தாங்க.

...

பரவால்ல சார், தண்ணி பாட்டிலு என்கிட்டயே இருக்கு.

பொட்டி வந்து சேர பதினேழு நாளாச்சு. கூடவே ஒரு கடுதாசி. வெளியேறச் சொல்லியும் இவர் மறுத்துட்டாருன்னு போட்டிருக்குன்னு வாத்தியாரு படிச்சிச் சொன்னாரு. அவ்வளவுதான், ஊரு வாய்க்கு மெல்ல அவல் கெடச்சிடுச்சு. குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான்னாங்க. திமிருன்னாங்க. சாமானத்துக்குக் காவலா இருந்திருப்பான்னாங்க. காசாம்பு பொட்டி மேல அடிச்சிக்கிட்டு அழுதது அதத்தான். "எல்லாரும் போனாங்களேடா, உனக்கு மட்டும் என்னடா கேடு?" நான் பொட்டியோட தலமாட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். என்ன சொல்றது? சாவு வீட்டுல யாரு சார் கணக்குப் பேசுவா? அதுவுமில்லாம அப்பக்கூட எனக்குப் புரியல. வடக்க ஏறுன புயலுக்குத் தண்ணி எப்படி வந்துச்சு? அந்த நாட்டுக்காரன் படத்தத் தப்பாப் போட்டுட்டான்னுதான் நெனச்சேன். அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

நாப்பது நாளு போயிருக்கும். குணவதி அவன் அனுப்புன படங்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஓட்டல் வாசல்லேருந்து கடல எடுத்து அனுப்புவான், ரெண்டு வருஷமா, எக்கச்சக்கமா. செக்கச்செவேல்னு சூரியன், தண்ணிய ஒட்டி. நானும் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். நான் சொன்னேன், "காலங்காத்தால எந்திரிச்சி சூரியன் மொளைக்கிறத எடுத்திருக்கான் பாரு, கெட்டிக்காரப் பய."

குணவதி நிமுந்து பாத்துச்சு. "காலைல இல்லப்பா. வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் எடுக்குறது. சூரியன் சாயுற படம்."

"சூரியன் சாயுதா? கடல்லயா?"

"ஆமா. அவரு ஊருல கடலு மேக்கால இருக்கு."

புரிஞ்சிதா சார்? நமக்குக் கடலு கெழக்க. வடக்க புயலு ஏறுனா மேக்குக் காத்து அடிக்கும். நமக்கு மேக்குன்னா தரை, அதனால கடல வெளில தள்ளும். அவனுக்கு மேக்குன்னா கடலு. அதே காத்து அவனுக்குக் கடல உள்ள தள்ளும். அந்த ஊரு நாக்கு மாதிரி தொங்குது சார் படத்துல, ரெண்டு பக்கமும் கடலு. அவன் எந்தப் பக்கம்னு நான் ஒருதரம்கூடக் கேக்கல. கடலுன்னா சூரியன் அதுலேருந்துதான் மொளைக்கும். எனக்கு வேற கடலு தெரியாது. புயலு வந்துக்கிட்டிருந்தப்ப மொதல்ல கெழக்குக் காத்து அடிச்சிருக்கும், அதான் உள்வாங்கியிருக்கு. நான் சொன்னது பலிச்ச மாதிரி காமிச்சிட்டு, அது வடக்க தாண்டுனதும் காத்து திரும்பி...

அன்னிக்கு எழுந்திரிச்சிப் போயி மைக்கப் பஞ்சாயத்துல குடுத்துட்டேன். தொண்டை சரியில்லன்னேன்.

குணவதிகிட்ட சொல்லல. சொல்லி என்ன ஆவப்போவுது? அதுக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான். ஆனா அது தெனமும் அவன் படத்தப் பாத்துத் திட்டும் சார். நான் சாப்புட உக்காந்தா ஆரம்பிச்சிடும். "பொண்டாட்டி ஒருத்தி இருக்கான்னு நெனப்பு இருந்துச்சா? வேன் வாசல்ல நின்னுச்சே, ஏறி உக்கார நோவுதா?" சோறு போடுறப்ப என்னப் பாத்துக்கிட்டே திட்டும். "சொல்லுங்கப்பா, அவரு செஞ்சது சரியா?" நான் என்ன பண்ணுவேன்? பொண்ணு மனசு ஆறட்டும்னு, "விடும்மா, கொணம் அப்படி"ன்னுடுவேன். திட்டினா பாரம் எறங்கும்னு நெனச்சேன். அதுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன். பொட்டி வந்ததுலேருந்து பதினோரு மாசம்.

போன வாரம் வருஷ திதிக்கு நாள் குறிக்கணும்னு பேசிக்கிட்டிருந்தோம். குணவதி போன எடுத்து என் முன்னால வெச்சுது. உள்ளேருந்து என் கொரலு. "வணக்கம். வானிலை அறிக்கை. ரொசிட்டா என்னும் குமரி..."

அவன் அன்னிக்கே அதக் குணவதிக்கும் அனுப்பியிருக்கான் சார். உங்கப்பா கூத்தக் கேளுன்னு. மொத நாளே தெரியும் அதுக்கு.

"நானும் கேட்டுட்டு சிரிச்சேம்பா," அப்படின்னுச்சு. "அப்பா சொன்னா சரியா இருக்கும், தூங்குங்கன்னு நானும்தான் சொன்னேன். பதினோரு மாசமா அவரத் திட்டினேனே, எதுக்கு? ஒருநா குறுக்க வந்து, அவன் மேல தப்பில்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். இந்தா சொல்லுவீங்க, இந்தா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கொணம் அப்படின்னு சொல்லிட்டு ரசத்த ஊத்திக்கிட்டீங்க."

நான் பேசல சார். நம்புங்க.

"என்கிட்ட சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. புள்ள குடிச்சிட்டுச் செத்தான்னு நெனச்சிக்கிட்டு ஒரு வருஷமா தெருவுல தல குனிஞ்சி நடக்குது. போயி சொல்லுங்க. திதிக்கு முன்னாடி."

போனேன். போன வெள்ளிக்கெழம இதே பஸ்ஸு. வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு அடுக்கிக்கிட்டே போனேன். காசாம்பு கருவாடு காயப்போட்டுக்கிட்டிருந்துச்சு. "வாங்கண்ணே"ன்னு மூஞ்சியப் பாத்துச்சு. பாவம், பாதி ஆளா இருந்துச்சு சார். அத அப்படிப் பாத்ததும் என் வாயி தானா ஆரம்பிச்சிடுச்சு. கண்டக்டர் கொரலு, காக்கா வெரட்டுற கொரலு, ஏலம் கூவுற கொரலு. அது மொதல்ல கருவாட்டத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சி சிரிக்கிது சார்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த நேரத்துல போயி அதப் பேசுவாங்களான்னு தோணிடுச்சு. டீ குடிச்சிட்டுக் கெளம்பிடலாம்னு இருந்தேன்.

அப்பதான் கேட்டுச்சு. "அண்ணே, என் புள்ள மாதிரி பேசுவீங்களே. ஒரே ஒருதரம் பேசுங்களேன்."

வேணாம் தங்கச்சின்னேன். ஒரே ஒருதரம்னுச்சு.

"எம்ம்மா..."

கருவாட்டுக் கூடைய அப்படியே கீழ வெச்சிடுச்சு சார். "சாப்டியாடா?"

"சாப்டேம்மா."

"கண்ணு, எல்லாரும் போனாங்களே. வேன் வந்துச்சே. நீ ஏன்டா போவல?"

என்னப் பாத்துக் கேக்கல. எனக்குப் பின்னால எங்கயோ பாத்துக் கேட்டுச்சு. நான் அவன் மூக்கால, அவன் இழுப்புலயே சொன்னேன். "மாமாதாம்மா இருக்கச் சொன்னாரு. கடலு உள்வாங்கிடும்னாரு. நான் குடிக்கலம்மா. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. மாமா சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன்."

சொல்லிட்டேன் சார். பாத்தீங்களா, சொல்லிட்டேன்ல?

காக்கா வந்து கருவாட்டத் தூக்குது, காசாம்பு வெரட்டல. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துச்சு. இப்பத்தான் என்னப் பாக்குது.

"அண்ணே, இத என் புள்ள வாயால சொல்லாதீங்க. உங்க கொரல்ல சொல்லுங்க."

வாயத் தொறந்தேன். எனக்குத் தெரியாம என்ன வந்துச்சுன்னு கேக்குறீங்களா? "வணக்கம்" அப்படின்னு ரேடியோக்காரன் வந்தான் சார். சத்தியமா கேலி இல்ல. வேற ஒண்ணு வரணும்னுதான் தொறந்தேன். அதுதான் வந்துச்சு.

அது எழுந்திரிச்சி உள்ள போயி கதவச் சாத்திக்கிடுச்சு.

நாளன்னைக்குத் திதி. அங்க நடந்தது தெரிஞ்சி குணவதி நேத்திலேருந்து என்கிட்ட பேசல. அதான் இப்ப மறுபடி போறேன். ஒரு வாரமா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாக்குறேன். ஒருதரம் ஜீப்பு அதிகாரி வர்றாரு, ஒருதரம் செத்துப்போன எங்கப்பா வர்றாரு. எனக்குன்னு ஒரு கொரலு இருந்திருக்கும்ல சார், சின்ன வயசுல? பொறக்கும்போது யாரு மாதிரியும் அழுதிருக்க மாட்டேன்ல?

அந்தா, காரைக்கால் தாண்டிடுச்சு. அடுத்தது பொறையாறுதான். கொஞ்சம் இப்படித் திரும்புங்க சார். ஒருதரம் கேளுங்க. சிரிக்காதீங்க.

காசாம்பு, உன் மவன நாந்தான் இருக்கச் சொன்னேன். அவன் போகவான்னுதான் கேட்டான். எனக்கு அந்தக் கடலு தெரியாது. தெரியாமயே சொன்னேன்.

எப்படி இருந்துச்சு சார்? யாரு மாதிரியாவது இருந்துச்சா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. யாரு மாதிரியும் இல்லன்னா சொல்லுங்க, நான் எறங்கிடுறேன்.